மூணாவது குரல்

முகத்துவாரக்குப்பம், எண்ணூர்
5 மே 2024

அன்புத் தம்பி வெற்றிக்கு,

அக்கா பச்சையம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீ அந்த லடாக் பனியில் மூக்கும் காதும் கழன்று விழாமல் முழுசாக இருக்கிறாயா? போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய். சுக்கும் மிளகும் இடித்துப் பொட்டலம் கட்டித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வழியில் எவனாவது பிரித்து முகர்ந்து பார்த்துத் தும்மினால் அது அவன் தலைவிதி.

ஊரே கையில் ஃபோனை வைத்துக்கொண்டு முகம் பார்த்துப் பேசுகிறது. என் தம்பிக்கு மட்டும் ஃபோன் வைத்திருக்கக் கூடாத மலை உச்சியில் ஒயர்லெஸ் ஆபரேட்டர் வேலை. கண்டவன் பேச்செல்லாம் உன் காதில் விழும். அக்கா பேச்சு மட்டும் தபாலில் ஆடி அசைந்து வரும்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. நம்மைப் போல் சின்ன ஃபைபர் படகுக்காரர்கள்தான் கரையோரமாகப் போய் வருகிறார்கள். உன் மாமா சாயங்காலம் போய் நண்டு வலை விட்டுவிட்டு, படகிலேயே படுத்து, விடியும்போது வலையை எடுத்துக்கொண்டு வருகிறார். தனியாகப் போகாதே என்றால் கேட்டால்தானே. போன லீவில் நீ வாங்கித் தந்த ஜிபிஎஸ் டப்பாவையும் ஒயர்லெஸ் ஜோடியையும் வைத்துக்கொண்டு அவர் விடுகிற ரவுசு தாங்க முடியவில்லை. "கரண்டு கம்பெனி புகைபோக்கிய பாத்து கரை கண்டுபுட்சதெல்லாம் எங்க நைனாவோட போச்சு பச்ச. இப்ப டப்பாவே வழி சொல்து" என்கிறார்.

ஒயர்லெஸ்ஸில் ஒன்று படகில், ஒன்று வீட்டு அலமாரியில். முகத்துவாரத்தை நெருங்கும்போது கூப்பிடுவார், நான் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவேன். அதிலும் பழைய விளையாட்டுதான். அம்மா நமக்குச் சொல்லி வைத்தது ஞாபகம் இருக்கிறதா? வெளியே இருட்டில் யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் மூணாவது குரலுக்குத்தான் பதில் கொடுக்க வேண்டும், செத்ததுக்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட மூச்சு இருக்காது. நான் இன்றைக்கும் அப்படித்தான். அது தெரிந்து உன் மாமா "பச்ச… பச்ச…" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு வாசலில் சத்தம் காட்டாமல் நிற்பார். நானும் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்பேன். அவராகப் பொறுக்க முடியாமல் மூணாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் "வர்றேன், இரு" என்று கதவைத் திறப்பேன். இப்போது அதே கூத்து ஒயர்லெஸ்ஸிலும் நடக்கிறது. பாதி சார்ஜ் இதிலேயே போகிறது.

சௌமியா ஏழாம் வகுப்புக்குப் போகிறாள். மாமாவுக்கு முத்தம் என்று எழுதச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள். வழக்கம்போல் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், உன் மாமா கிறுக்கட்டும்.

உன் அக்கா,
பச்சையம்மா

மச்சான், உங்க அக்கா சொல்றதுல பாதிய நம்பாத. நண்டு ஸோக்கா வருது. லீவு வாங்கிகினு சீக்கிரம் வந்து சேரு. — குமாரவேல்

*

லடாக்
12 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுக்குப் பொட்டலம் இன்னும் வந்து சேரவில்லை. இருமல் அதன் பேரைக் கேட்டே ஓடிவிட்டது. நான் நலம். மூக்கும் காதும் இருந்த இடத்தில் இருக்கின்றன. நீங்கள் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்த வாரம் ஒரு அதிசயம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை இரவு வடக்குப் பக்க மலைக்குப் பின்னால் வானம் சிவப்பாகிவிட்டது. முதலில் எங்கேயோ நெருப்பு என்றுதான் நினைத்தோம். புகை இல்லை, சத்தம் இல்லை. அடுப்புத் தணல் மாதிரி அணைந்து அணைந்து எரிந்தது. நாய்கள்கூடக் குரைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் ஹவில்தார் நசீர் அண்ணன் நம்ம தண்டையார்பேட்டைக்காரர், ஒயர்லெஸ்ஸில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர்தான் சொன்னார்: "சூரியன் வெடிச்சிகினு கீது வெற்றி. அதுலேர்ந்து கெளம்பினது ரெண்டு நாள்ல இங்க வந்து பூமிய மோதுது. மோதினா வானம் செவக்கும், நம்ம செட்டுக்குப் பைத்தியம் புடிக்கும். பக்கத்துல பேசறவன் கேக்க மாட்டான், எங்கியோ கீறவன் காதாண்ட பேசுவான்."

அவர் சொன்ன மாதிரியே ஆனது. எங்கள் செட்டில் விடிய விடிய இரைச்சல். புரியாத பாஷையில் யாரோ எண்களைச் சொன்னார்கள். யாரோ ஒரு பெண் வெகுநேரம் சிரித்தாள். சனிக்கிழமை வெளுக்கிற நேரத்தில் இரைச்சல் திடீரென்று அடங்கியது. கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி ஒரு ஆள் குரல், "பச்ச…" என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, "பச்ச…" அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. அப்படியே மாமா நம் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. பழக்கதோஷம், மூணாவதுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவே இல்லை. நசீர் அண்ணனிடம் சொன்னேன். "உங்க மாமா டப்பா எண்ணூர் பாலத்தையே தாண்டாதுடா, இங்க எங்கேர்ந்து வர்து? வூட்டு நெனப்பு, போய்ப் படு" என்றார்.

மாமாவிடம் சொல்லு, அவர் குரல் பனிமலை வரைக்கும் வந்துவிட்டுப் போனது என்று. இதைக் கேட்டால் இன்னும் நாலு நாளைக்கு ரவுசு விடுவார்.

அன்புத் தம்பி,
வெற்றி

*

முகத்துவாரக்குப்பம்
27 மே 2024

அன்புத் தம்பி வெற்றிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலம் என்று அறிந்தேன். இங்கே சுகம்.

குரல் கேட்டதாக எழுதியிருந்தாயே, அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுது. சனிக்கிழமைதானா, நன்றாகத் தெரியுமா? வெளிச்சம் வந்த பிறகா, அதற்கு முன்பா? குரல் களைப்பாக இருந்ததா, விளையாட்டாக இருந்ததா? கூடவே வேறு ஏதாவது சத்தம், என்ஜின் சத்தம், தண்ணீர்ச் சத்தம், கேட்டதா? இரண்டாவதுக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தாய்? நீ ஏதாவது பதில் கொடுத்தாயா?

சூரியன் மறுபடி எப்போது வெடிக்கும் என்று உன் நசீர் அண்ணனிடம் கேட்டு எழுது. ஜிபிஎஸ்ஸையும் அது கெடுக்குமா என்று கேள்.

மாமா கடலில் இருக்கிறார். அதனால் கீழே எழுதவில்லை. சௌமியா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்.

பதில் உடனே போடு. நாளைக்கு எழுதலாம் என்று வைத்துவிடாதே.

அக்கா

*

லடாக்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சுக்கு வந்து சேர்ந்தது, பிரித்தவன் யாரோ தெரியவில்லை, பொட்டலம் பாதிதான் இருந்தது. உன் கடிதத்தைப் பார்த்தால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது. என்னடா இது, அக்கா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லையே என்று பயந்துவிட்டேன்.

கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்கிறேன். சனிக்கிழமைதான். கிழக்கு வெளுத்திருந்தது. களைப்பு ஒன்றும் இல்லை, யாரையோ சீண்டுகிற குரல். தண்ணீர்ச் சத்தமா? நீ கேட்ட பிறகு யோசித்தேன், ஆமாம், படகு விலாவில் அலை தட்டுகிற மாதிரி ஒரு தட்டல் இருந்தது. வெகுநேரம் காத்திருந்தேன். பதில் கொடுக்கவில்லை. இந்த செட்டில் சொந்தப் பேச்சுக்கு அனுமதி இல்லை. அதோடு மூணாவது வராமல் நான் எப்படிப் பதில் கொடுப்பேன், நீயே சொல்லு.

ஜிபிஎஸ்ஸும் கெடும் என்கிறார் நசீர் அண்ணன். அதன் சிக்னல் வருவதும் அதே வானத்தின் வழியாகத்தானே. நிற்கிற இடத்தை விட்டு வேறு இடத்தைக் காட்டும், சில சமயம் ஒன்றுமே காட்டாது. இந்த வருஷம் சூரியனுக்கு உச்சக்காலமாம், எப்போது வேண்டுமானாலும் மறுபடி வெடிக்கலாம், நாள் குறிக்க முடியாது என்றார். மாமாவிடம் சொல்லி வை, டப்பாவை மட்டும் நம்பி இருட்டில் போக வேண்டாம்.

மாமாவுக்கு என் மேல் என்ன கோபம்? ஒரு வரி எழுதக்கூட நேரமில்லாத அளவுக்கு அவர் என்றைக்கு உழைத்தார்?

அன்புடன்,
வெற்றி

*

முகத்துவாரக்குப்பம்
22 ஜூன் 2024

வெற்றி மாமாவுக்கு சௌமியா எழுதுவது. நீங்கள் நலமா? நான் எழுதினது அம்மாவுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு கெங்கம்மா ஆயாதான் தபால் கவர் வாங்கிக் கொடுத்தாங்க.

நைனா கடலில் இருக்கிறார் என்று அம்மா எழுதியிருக்கும். நைனா இல்லை மாமா. மே பத்தாம் தேதி சாயங்காலம் வலை விடப் போனார். வரவே இல்லை. மறுநாள் சாலமன் சித்தப்பாவும் மற்றவங்களும் படகு எடுத்துப் போய்த் தேடினாங்க. காட்டுப்பள்ளி வரைக்கும், அதற்கு அப்பாலும் தேடினாங்க. எங்க வலை மட்டும் விட்ட இடத்திலேயே இருந்தது. நிறைய நண்டு மாட்டியிருந்தது. எல்லாம் உயிரோடு இருந்தது. வலையை யாரும் தொடவே இல்லை. படகும் இல்லை, நைனாவும் இல்லை.

சாலமன் சித்தப்பா சொன்னார், "அன்னிக்கு என் டப்பாவும் கிறுக்கு புட்ச மாதிரி ஆயிட்ச்சி. நடுக்கடல்ல நின்னுகினு கீறேன், அது கரைல கீறேன்னு காட்டுது. மூட்டம் வேற, புகைபோக்கி ஒண்ணும் கண்ணுக்குத் தெர்ல."

பஞ்சாயத்தார் கருமாதி பண்ணணும்னு சொல்றாங்க. ஆள் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் இருந்தால் அந்த இடத்தில் வலை விட எல்லாருக்கும் பயமா இருக்காம். அம்மா உங்க கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பஞ்சாயத்தில் படித்துக் காட்டுச்சு. "எந் தம்பி காதால கேட்டுகினு கீறான், நான் எதுக்குத் தாலிய அறுக்கணும்?" என்று கேட்டுச்சு.

அம்மா இப்போதெல்லாம் ஒயர்லெஸ்ஸைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கு. சோறு தின்பதில்லை. கரகரன்னு சத்தம்தான் வருது. அதைப் பார்த்து சில நேரம் சிரிக்குது. எனக்கு பயமா இருக்கு மாமா. நீங்கள் வாங்க.

சௌமியா

*

லடாக்
6 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சௌமி எனக்கு எழுதினாள். அவளைத் திட்டாதே. உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு மாதம் என்னிடம் மறைத்துவிட்டாயே அக்கா. என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கடலைக் காட்டியவர் அவர். அந்த டப்பாவை வாங்கிக் கொடுத்தவன் நான். அழுதுகொண்டேதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

லீவு கேட்டேன். மாற்று ஆள் வர நவம்பர் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் நீ இப்படி இருக்கக் கூடாது. ஆகவே ஒரு உண்மையைச் சொல்கிறேன். மே மாதம் நான் எழுதியது விளையாட்டு. குரல் ஒன்றும் வரவில்லை. மாமா வாசலில் நின்று கூப்பிடுவதை நினைத்து, உங்களைச் சிரிக்க வைக்க எழுதினேன். வானம் சிவந்தது நிஜம், இரைச்சல் நிஜம், மற்றது என் கற்பனை.

அதை நம்பிக்கொண்டு நீ பட்டினி கிடக்காதே. பஞ்சாயத்தார் சொல்வதைக் கேள். சௌமிக்கு நீ வேண்டும்.

உன் தம்பி,
வெற்றி

*

முகத்துவாரக்குப்பம்
24 ஜூலை 2024

வெற்றிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்பது உனக்கே தெரியும்.

விளையாட்டுக்கு எழுதினாயா? ஜூன் மாதக் கடிதத்தில் அலை தட்டுகிற சத்தம் வரைக்கும் எழுதினாயே, அதுவும் விளையாட்டா? சின்ன வயதில் நீ பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும். இவ்வளவு தூரத்தில் இருந்து எனக்கு அது தெரியாது என்ற தைரியமா?

இங்கே ஆடிக் கூழ் ஊற்றினார்கள். நம் வீட்டுப் பானையை யாரும் வாங்கவில்லை. ஆள் நிலை தெரியாத வீட்டுக் கூழை அம்மனுக்கு எப்படிப் படைப்பது என்றார்கள். கூழைக் கொண்டுபோய் ஆற்றில் ஊற்றிவிட்டு வந்தேன். சாலமன் மட்டும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தான், நல்லவன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செத்துப் போன நம் அம்மா மேல் ஆணையாக, நீ குரலைக் கேட்கவில்லை என்று சத்தியம் செய்து எழுது. எழுதினால் நம்புகிறேன். ஊர் சொல்வதைச் செய்கிறேன். எழுத முடியாவிட்டால் வெறும் காகிதத்தை அனுப்பு, எனக்குப் புரியும்.

பச்சையம்மா

*

லடாக்
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் சௌமியும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

நீ துருவித் துருவிக் கேட்டதால் தண்ணீர்ச் சத்தத்தையும் சேர்த்து எழுதினேன். அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன். நான் எந்தக் குரலையும் கேட்கவில்லை.

சாப்பிடு அக்கா.

வெற்றி

*

முகத்துவாரக்குப்பம்
3 அக்டோபர் 2024

அன்புத் தம்பி வெற்றிக்கு,

வெகுநாள் எழுதாமல் இருந்துவிட்டேன். கோபம் இல்லை, எழுத ஒன்றும் இல்லை. உன் உடம்பு எப்படி? பனி ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொள். நாங்கள் இரண்டு பேரும் சுகம். இரண்டு பேர் என்று எழுத இன்றைக்குத்தான் கை வந்தது.

நேற்று மகாளய அமாவாசை. முகத்துவாரத்தில் வைத்து எல்லாம் முடிந்தது. உடம்பு கிடைக்காததால் வைக்கோலில் உருவம் செய்து, அவர் நீலச் சட்டையைப் போட்டு, லுங்கி கட்டி விட்டார்கள். சட்டைப் பையில் ஒரு பீடிக்கட்டை நான்தான் வைத்தேன். கெங்கம்மா வளையலை உடைத்தாள். தாலியைக் கழற்றி உருவத்தோடு வைத்துத் தண்ணீரில் விட்டார்கள். தண்ணீர் கடல் பக்கம் வடியும் நேரம்தான், ஆனாலும் அது போகவில்லை. தள்ளிவிட்டார்கள், சுற்றிக்கொண்டு என் காலுக்கே வந்தது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி வந்தது. கெங்கம்மா, "போ நைனா, போய்டு, இங்க ஒண்ணுமில்ல" என்று அழுதாள். கடைசியில் சாலமன் அதை இழுத்துக்கொண்டு நீந்திப் போய் வெளியே விட்டுவிட்டு வந்தான். வந்தவன் கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

எல்லாம் முடிந்துவிட்டதால் உன்னிடம் ஒன்று சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமை விடியும்போது நான் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் இருந்த ஒயர்லெஸ் "பச்ச…" என்றது. நான் திரும்பவில்லை. "பச்ச…" என்று இன்னொரு தடவை. நாளும் அதே கூத்து, மூணாவது வரட்டும் என்று அரிசியைக் களைந்துகொண்டே நின்றேன். சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அரிசி வெந்து சோறானது, அது வரவில்லை. பிறகு நான் கத்திக் கத்திக் கூப்பிட்டேன், வெறும் இரைச்சல். பதினாறு நாள் கழித்து உன் கடிதத்தில் அதே இரண்டு குரலைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

நீயும் கேட்டாய் என்றால் அது நிஜம். நீ கேட்கவில்லை என்று அம்மா மேல் சத்தியம் செய்துவிட்டாய். அப்படியானால் நான் கேட்டதும் என் மனசுதான். அப்படி நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததால்தான் நேற்று தாலியைக் கழற்றக் கழுத்தைக் குனிந்து கொடுக்க முடிந்தது.

நவம்பரில் வா. வஞ்சிர மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறேன்.

உன் அக்கா,
பச்சையம்மா

*

லடாக்
11 அக்டோபர் 2024

அக்கா,

இங்கே நலம். நீ நலமா, அதை மட்டும் உடனே எழுது. மற்றதெல்லாம் பிறகு.

நேற்று இரவு மறுபடி வானம் சிவந்தது. சூரியன் மறுபடி வெடித்திருக்கிறதாம். மே மாதத்தைப் போலவே செட் முழுக்க இரைச்சல். நான் விடியும்வரை காதில் இருந்து எடுக்கவில்லை. வெளுக்கிற நேரத்தில் இரைச்சல் அடங்கியது. இந்தத் தடவை ஆள் குரல் இல்லை. உன் குரல். "வர்றேன், இரு" என்றாய். பிறகு தாழ்ப்பாள் திறக்கிற சத்தம். நசீர் அண்ணனும் பக்கத்தில் இருந்து கேட்டார். செட்டை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

அக்கா, நான் செய்தது பொய்ச் சத்தியம். மே மாதம் நான் கேட்டேன். மாமா குரல்தான். நீ உயிரோடு இருக்க வேண்டும், சாப்பிட வேண்டும் என்றுதான் இல்லை என்று எழுதினேன். அம்மா என்னை மன்னிக்கட்டும்.

யாரிடம் "வர்றேன்" என்றாய்? எங்கே வருகிறேன் என்றாய்? நான் வந்து சேரும்வரை கடல் பக்கம் போகாதே. அந்த ஒயர்லெஸ்ஸைக் கழற்றி பேட்டரியை ஆற்றில் போட்டுவிடு. இந்தக் கடிதம் உன் கைக்கு வர எத்தனை நாள் ஆகுமோ.

வெற்றி

*

முகத்துவாரக்குப்பம்
12 அக்டோபர் 2024

அன்புத் தம்பி வெற்றிக்கு,

நீ சுகமாக இருப்பாய். நான் ரொம்ப சுகம். இவ்வளவு சுகமாக இருந்து எத்தனையோ மாதம் ஆகிறது.

நேற்று ஆயுத பூஜை. எப்போதும் போல் விடிவதற்குள் எழுந்து அவர் சாமான் எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். துடுப்பு, வலை கோர்க்கிற ஊசி, ஸ்பேனர், உன் ஒயர்லெஸ். படகே இல்லாதவனுக்கு எதற்குப் பூஜை என்று கெங்கம்மா முணுமுணுத்தாள். ஒயர்லெஸ்ஸுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றப் போனேன். அது, "பச்ச…" என்றது.

ஒரு தடவைதான். சௌமியாவும் கேட்டாள். கெங்கம்மாவும் கேட்டாள், கையில் இருந்த பூசணிக்காயைக் கீழே போட்டுவிட்டாள். அதே குரல், பொறுத்துப் பொறுத்துப் பார்த்து முடியாமல் கூப்பிடுவாரே, அந்தக் குரல்.

மே மாதம் இரண்டு, இப்போது ஒன்று. மூணாவது வந்துவிட்டது வெற்றி. செத்ததுக்கு மூணாவது குரல் கிடையாது. நீ ஏன் அப்படிச் சத்தியம் செய்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு நான் கருமாதி செய்திருக்கிறேன், அது என்னோடு போகட்டும். பட்டனை அழுத்தி "வர்றேன், இரு" என்றேன். போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. இருக்க மாட்டார் என்று எனக்கே தெரியும், அவர் கூப்பிட்டது கடலில் இருந்து.

மஞ்சள் கயிற்றை எடுத்து நானே கட்டிக்கொண்டேன். ஊரில் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். பேசட்டும். இந்த டப்பாவுக்கு முகத்துவாரத்தைத் தாண்டினால் கேட்காது. கேட்டதென்றால் அவர் பக்கத்தில்தான் இருக்கிறார், இது சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். நாளைக்கு விடியும் முன்னே சாலமன் படகில் போகிறேன். பொம்பளை ஏறினால் படகுக்கு ஆகாது என்று முதலில் மறுத்தான். "உங்க அண்ணன் கூப்ட்டுகினு கீறாருடா, நீ வரலன்னா நீந்திகினு போறேன்" என்றேன். நான் போவேன் என்று அவனுக்குத் தெரியும். வலை இருந்த இடத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு ஒயர்லெஸ்ஸை வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன். பக்கத்தில் போய்விட்டால் நான் கூப்பிடுவது அவருக்குக் கேட்கும். நான் விளையாட மாட்டேன், ஒரே மூச்சில் மூணு தடவையும் கூப்பிட்டுவிடுவேன்.

சௌமியாவை கெங்கம்மா பார்த்துக்கொள்வாள். இந்தக் கவரை ஒட்டவில்லை. எப்போதும் போல் கீழே இடம் விட்டிருக்கிறேன். உன் மாமா வந்து எழுதியதும் ஒட்டித் தபாலில் போடுகிறேன்.

உன் அக்கா,
பச்சையம்மா

14.10.2024

மாமா, சௌமியா எழுதறேன். நைனா எழுதற இடத்துல எழுதறதுக்கு மன்னிச்சிடுங்க. அம்மா நேத்து விடிகாலைல போச்சு. சாயங்காலம் வந்துடுவேன்னு சொல்லுச்சு. வரல. சாலமன் சித்தப்பா படகும் வரல. இன்னிக்குக் காலைலேர்ந்து மழை. பகல்லயே இருட்டிகினு கீது, கடல் தெரியல. எல்லாரும் கரைல நின்னுகினு கீறாங்க. கெங்கம்மா ஆயாவும் போயிட்டாங்க, என்னை வூட்டுலயே இருக்கச் சொன்னாங்க. அவங்க வந்ததும் இதை ஒட்டித் தபால்ல போடச் சொல்றேன்.

வாசல்ல யாரோ கூப்பிடறாங்க மாமா. "சௌமி"ன்னு. அம்மா குரல் மாதிரியும் கீது, நைனா குரல் மாதிரியும் கீது. ரெண்டு தடவ ஆச்சு. தாழ்ப்பாளாண்ட உக்காந்துகினு எழுதறேன். மூணாவது இன்னும் வரல.